ஏழு சகோதரரும் கடலும்

நேயர்களே! பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். எனினும், விடுமுறை கிடைத்தால் திரும்பிச் சென்று காண்பதற்கு நமக்கு ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரே இல்லாமற் போனால்? அந்நிலையை எய்திய மக்களின் வரலாற்றை இன்று சிந்திப்போம்.

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாடா மாவட்டத்தில், வங்கக் கடலோரமாக, சாதபாயா என்னும் கிராமத் தொகுதி இருந்தது. ஒடியா மொழியில் ‘ஏழு சகோதரர்’ என்பது அதன் பொருள். ஏழு ஊர்களில் பெரும்பாலானவற்றைக் கடல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவிட்டது. வீடுகள் மறைந்த பின்னும், ஊரார் நீர் இறைத்த அடிகுழாய்கள் கடற்கரை மணலில் தனித்து நின்று சாட்சி கூறின.

தனுஷ்கோடியை 1964-ஆம் ஆண்டுப் புயல் ஓரிரவில் அழித்தது. சாதபாயாவோ பல்லாண்டுக் காலம் சிறிது சிறிதாகக் கரைந்தது. காரணம் ஒன்றன்று. கடற்கரை என்பது மணலின் வரவு செலவுக் கணக்கைப் பொறுத்தது. 1957-இல் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை திறக்கப்பட்டது. கடலை அடையவேண்டிய வண்டலில் ஒரு பகுதி அங்கே தங்கிற்று. 1966-இல் பாரதீப், பெருந்துறைமுகம் ஆயிற்று. அதன் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் புயல்களும் ஒடிசாக் கரையைத் தாக்கின.

இவற்றோடு புவி வெப்பமும் சேர்ந்தது. பனி உருகுவதாலும், சூடேறிய கடல்நீர் விரிவதாலும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. தாழ்ந்த கழிமுக நிலத்தில் இது அற்பமன்று. புயலலை முன்னிலும் நெடுந்தூரம் உட்புகும்.

சாதபாயாவின் தெய்வம் பஞ்சுபராஹி. அங்கே மீனவர் குலப் பெண்களே பூசாரிகள். ஆடவர் சிலைகளைத் தீண்டலாகாது என்பது நெடுங்கால மரபு. 2018-இல், கோவிலைக் கடல் நெருங்கியபோது, கனத்த ஐந்து கற்சிலைகளையும் பெயர்த்தெடுக்க ஆடவர் கை தேவைப்பட்டது. தெய்வத்தைக் காக்கும் பொருட்டு மரபு தளர்ந்தது.

பாகபாட்டியா என்னுமிடத்தில் 571 குடும்பங்களை அரசு குடியேற்றியது. கடலால் நிலமிழந்தோரை அரசே திட்டமிட்டுக் குடியேற்றியது இந்நாட்டில் ஒரு முன்மாதிரியாகும். ஆயினும், குடும்பத்துக்குக் கிடைத்தது 10 சென்ட் மனை; உழுவதற்கு வயல் இல்லை. ஆகவே ஆடவர் பலர் கேரளம் முதலிய இடங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். மனை மட்டும் வாழ்வாகாது என்பதே இதன் பாடம். இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 1990 முதல் 2018 வரை அரிப்புக்கு உள்ளாயிற்று; ஆதலின் இப்பாடம் ஒடிசாவுக்கு மட்டும் உரியதன்று.

நேயர்களே, நீங்கள் வாழும் நகரில் ஒடியாத் தொழிலாளி ஒருவரைக் காணின், “எந்த ஊர், ஐயா?” என்று வினவுங்கள். நம்மைப்போல் அவரும் ஊர்ப்பெயரைச் சொல்வார். அப்பெயருக்குரிய நிலம் இன்று நீருக்கடியில் இருக்கலாம்.