ஏழு விநாடித் தாளம்

பழைய இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். விற்கவேண்டிய பாட்டு ஒரு பக்கம். மறுபக்கத்தை எதையாவது வைத்து நிரப்புவார்கள். வாஷிங்டன் நகரத்து 'த வின்ஸ்டன்ஸ்' குழு 1969இல் அட்லாண்டாவில் பதிவுசெய்த தட்டும் அப்படித்தான். முன்பக்கத்தில் 'கலர் ஹிம் ஃபாதர்'. அது அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 2ஆம் இடம்வரை ஏறியது. அதை எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்'. தேவாலயப் பாடலொன்றின் மெட்டை வைத்து அவசரமாகக் கட்டிய வாத்திய இசை. நீளம் போதவில்லை. நடுவில் மற்ற வாத்தியங்களை நிறுத்தி, டிரம்ஸை மட்டும் தனியே ஓடவிட்டார்கள்.

அந்த இடத்தில் வாசித்தவர் கிரெகரி கோல்மன். நான்கு தாளச் சுற்று, ஏறத்தாழ 7 விநாடி. முதல் இரண்டும் வழக்கமான நடை. மூன்றாவதில் ஓர் அடியைச் சற்றுத் தாமதித்துப் போடுகிறார். நான்காவதில் முதல் அடியையே விட்டுவிடுகிறார். காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அங்கே ஒரு கணம் தடுக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் அதன் உயிர்.

1986இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்பு அதை டிஜேக்களிடம் கொண்டுசேர்த்தது. எந்த ஒலியையும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டும் சாம்ப்ளர் கருவி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. 1988இல் என்.டபிள்யு.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' அந்தத் தாளத்தின்மேல் எழுந்தது. 1990களில் பிரிட்டன் இளைஞர்கள் அதை வேகம் கூட்டி, நறுக்கி, மாற்றி அடுக்கியதில் ஜங்கிள் என்ற புது இசையே உருவானது. இன்று ஆயிரக்கணக்கான பதிவுகளில் அது இருக்கிறது. 'பவர்பஃப் கேர்ள்ஸ்' கார்ட்டூன் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அதன் தொடக்க இசையில் இதே தாளத்தைக் கேட்டவர்கள்தான்.

பணம்? பாட்டின் உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. விஷயமே அவருக்கு 1996இல்தான் தெரிந்தது. அதற்குள் வழக்குத் தொடுக்கும் கெடு கடந்துவிட்டது. 2015இல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் தொடங்கிய நிதி திரட்டலில் 24,000 பவுண்டு சேர்ந்து அவரிடம் போனது. கோல்மனுக்கு அதுவும் இல்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடின்றி, வறுமையில் இறந்துபோயிருந்தார்.

பதிப்புரிமைச் சட்டம் பாட்டை எழுதியவரைத் தேடும். டிரம்ஸில் விழுந்த கையை அவ்வளவாகத் தேடாது. எடுத்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மென்பொருள் துறையில் பிறர் எழுதியதை எடுத்து அதன்மேல் கட்டுவதே எங்கள் அன்றாட வேலை. அவர்கள் எடுத்திராவிட்டால் ஜங்கிள் இல்லை. அந்த 7 விநாடியும் பழைய தட்டுகளோடு தூசியில் கிடந்திருக்கும். ஆனால் திறமூல மென்பொருளில், எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்பது பெரும்பாலான உரிமங்களின் நிபந்தனை. விலை கேட்காதவர்கூட அதைக் கேட்கிறார். கோல்மனின் தாளம் உலகம் சுற்றியது. பெயர் அதனோடு போகவில்லை.