எழுப்ப ஆறு நாள்

கருப்புத் திரையில் மூன்றே கட்டளைகள். முதல் கட்டளை ஜாங்கோவை நிறுவும். இரண்டாவது ஒரு கோப்புறையையும் அதற்குள் சில பைத்தான் கோப்புகளையும் உண்டாக்கும். மூன்றாவது 'ரன்சர்வர்'. பிரவுசரைத் திறந்து 127.0.0.1, போர்ட் 8000 என்று அடித்தால் ஒரு ராக்கெட் படம் வரும். முதல் வலைச் செயலி தயார். பத்து நிமிஷ வேலை.

ஆனால் அந்த முகவரியைக் கொஞ்சம் கவனிக்கணும். 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதை அடித்தால் அவருடைய கணினியைத்தான் அது தேடும். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் போச்சு. செயலி எழுந்துவிட்டது, சரி. ஓடுகிறதா? எழுப்புவதும் ஓட்டுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சி.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையோடு அங்கே வந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். கும்பினிக் கணக்கில் விவகாரம் முடிந்துவிட்டது.

1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, 9-ஆம் தேதி, மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், இடித்த இடத்தில் கோட்டை நிற்கிறது! ஆறே நாளில் எழுப்பியிருந்தார்கள். படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்பாடு 1830-இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் அந்தத் திகைப்பை மறைக்கவில்லை. முழுக்க மண் கோட்டை. இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி, மதில் உயரம் சுமார் 12 அடி.

ஆறு நாளில் எப்படி முடிந்தது? மண் அங்கேயே இருந்தது, மண்ணைப் பிசையத் தெரிந்த கைகளும் அங்கேயே இருந்தன. மதில் எங்கே திரும்பணும், கொத்தளம் எங்கே வரணும் என்பதும் ஊருக்கே தெரியும். ஆறு நாளுக்குப் பின்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்தது.

நம்முடைய பத்து நிமிஷத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. 1993-இல் சிஜிஐ வந்தபோதுதான் ஒரு வலைப்பக்கம் சர்வரில் இருக்கும் நிரலை இயக்கி, அதன் பதிலைக் காட்ட ஒரு பொது வழி கிடைத்தது. 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சுயவிவரப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதிய சிறு கருவிகள்தான் பிஎச்பி ஆயின. கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், டெட்லைனுக்குள் பக்கங்களைக் கட்டியாக வேண்டிய நெருக்கடியில் பிறந்தது ஜாங்கோ. 2005-இல் அதைப் பொதுவில் விட்டார்கள். மூன்று கட்டளைகள் இவ்வளவு சின்னதாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் பின்னால் பலருடைய வேலை மடித்து வைக்கப்பட்டிருப்பதுதான்.

வெல்ஷ் ஊமைத்துரையைப் பற்றி ஒரு காட்சி எழுதியிருக்கிறார். பேச வராத ஊமைத்துரை சில வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. மறு கையால் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு வாயால் ஓர் ஒலி எழுப்புவார். தாக்கு என்று அர்த்தம். அந்தக் கட்டளைக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. கேட்பவருக்கு மீதி தெரியும் என்றால் கட்டளை சின்னதாகவே இருக்கலாம்.

எழுப்பியது ஆறு நாளில். ஓட்டியது? மார்ச் 31 அன்று மெக்காலேயின் படை தாக்கிப் பலத்த சேதத்தோடு பின்வாங்கியது. தூத்துக்குடித் துறைமுகத்தையும் கிளர்ச்சிக்காரர்கள் சில காலம் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் பீரங்கிகளோடும் வந்தார். மே 24-இல் கோட்டை விழுந்தது. ஆறு நாளில் எழுந்ததை மூன்றரை மாசம் காப்பாற்றினார்கள். அதற்குத் தினமும் ஆள் வேணும், சோறு வேணும், மருந்தும் குண்டும் வேணும், ராத்திரி கண் விழிப்பவர்கள் வேணும்.

டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் வலைச் சர்வர் ஜெனீவா பக்கத்தில் செர்னில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினி. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டி, இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதி வைத்தார். உலகின் முதல் இணையதளத்தைக் காத்தது ஒரு துண்டுச் சீட்டு.

விழுந்த பிறகு என்ன ஆச்சு? கோட்டையை இடித்து நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே மாவட்டப் பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள். மதிலை இடித்தது போதாது, பெயரும் இருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெயருக்கு வேறு பிரதிகள் இருந்தன. ஊர் ஊராகக் கதைப்பாடலாகப் பாடினார்கள், கூத்தாக ஆடினார்கள். பின்னால் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். 1974-இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியபோது, பெயரை யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

தமிழ் இணையத்துக்கும் இப்படி ஒரு ஆமணக்கு வயல் உண்டு. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அந்தக் காலத்தில் பலருக்குக் கிடைத்தது எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்குதான். அடுத்து வந்த வருஷங்களில் நம்மவர்கள் ஜியோசிட்டீஸ் மாதிரி இலவச இடங்களில், ஆளுக்கொரு எழுத்துருவில் பக்கங்கள் போட்டார்கள். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. வேறு பிரதி இல்லாதவை அதோடு போயின.

போகாதவையும் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாறி இன்றும் நிற்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரிகொடுத்த சமூகம் 2005-இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கியது. அது ஓடுவது மீடியாவிக்கி என்ற, யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளக்கூடிய வலைச் செயலியில். இவை நிற்பதற்குக் காரணம் கட்டிய திறமை மட்டும் இல்லை. தட்டச்சு செய்தவர்கள், பிழை பார்த்தவர்கள், ஸ்கேன் எடுத்தவர்கள், சர்வருக்குப் பணம் கட்டியவர்கள் என்று ஒரு கூட்டமே வருஷக்கணக்காகக் கண் விழித்திருக்கிறது.

அதனால் ராக்கெட் படம் தெரிந்த அன்றைக்கே இன்னும் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, கிட்டில் போட்டு இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வைப்பது. 2005-இல் வந்த கிட்டின் நல்ல குணமே அதுதான்: குளோன் செய்த ஒவ்வொருவரிடமும் பழைய வரலாறு முழுசாக இருக்கும். இரண்டாவது, நாம் இல்லாத நாளில் இதை எப்படித் திரும்ப எழுப்புவது என்று ரீட்மீ கோப்பில் நாலு வரி எழுதுவது. மண் எங்கே கிடைக்கும், மதில் எங்கே திரும்பும் என்பது அடுத்து வருகிறவருக்குத் தெரிந்திருந்தால், ஆறு நாள் போதும்.