வயது ஏறும்போது கண்ணின் ரத்த நாளங்களில் நிகழும் மாற்றங்கள்

முதுமையில் பார்வை மங்கினால் பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது கண்புரையை. அது கண்ணின் வில்லையில் ஏற்படும் மங்கல். அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். விழியின் பின்புறத்தில் உள்ள ரத்த நாளங்கள் பழுதடைவதால் வரும் பாதிப்பு அத்தகையதன்று. அதில் இழந்த பார்வை பல நேரங்களில் திரும்புவதில்லை.

எடைக்கு எடை ஒப்பிட்டால், உடலில் மிக அதிக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. அதன் உட்பகுதிக்கு, பார்வை நரம்பின் நடுவே நுழையும் மையத் தமனியின் கிளைகள் ரத்தம் அளிக்கின்றன. ஒளியை உணரும் செல்கள் அமைந்த வெளிப்பகுதிக்கு, அடியில் உள்ள கோராய்டு என்னும் நாளப் படலமே ஆதாரம்.

விழித்திரை நாளங்கள் தன்னியக்க நரம்புகளின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை. ரத்த அழுத்தம் கூடினால் சுருங்கியும், குறைந்தால் விரிந்தும் ஓட்டத்தை அவையே சீராக வைத்துக்கொள்கின்றன. மினுக்கும் ஒளி பட்டால், நரம்புச் செல்களின் தேவைக்கேற்ப அவை விரிகின்றன. வயது கூடக்கூட இந்த விரிவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நாளத்தைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதும், நாளச் சுவர்கள் விறைப்பதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. முதுமை மட்டுமே நாளங்களை அடைத்துவிடுவதில்லை. நெருக்கடியைச் சமாளிக்கும் திறனைத்தான் குறைக்கிறது.

அந்த நெருக்கடியைப் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் கொண்டுவருகின்றன. விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவான உறை உண்டு. தமனி தடித்து விறைத்தால், மெல்லிய சுவர் கொண்ட சிரை நசுங்குகிறது. கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இச்சந்திப்புகளில்தான் தொடங்குகிறது. நுண்நாளங்களைத் தாங்கும் பெரிசைட் செல்களைச் சர்க்கரை நோய் அழிக்கிறது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கோராய்டும் வயதுடன் மெலிகிறது. அதற்கும் விழித்திரைக்கும் இடையில் உள்ள புரூக் சவ்வு தடிக்கிறது. அதன்மேல் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் படிவுகள் சேரலாம். இந்த வழியில் மையப் பார்வை சிதையும் சிலருக்கு, கசியும் தன்மையுடைய புதிய நாளங்கள் முளைக்கின்றன. அவற்றைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தை உரிய காலத்தில் கண்ணுக்குள் செலுத்தினால் பார்வையைப் பெருமளவு காக்க முடியும்.

நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. ஒரு கண்ணில் வலியின்றித் திடீரெனப் பார்வை போனால் அது அவசர நிலை. வயதின் கோளாறு என்று மறுநாள் வரை காத்திருக்கலாகாது, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

கண்ணாடிக்கான பவர் பரிசோதனையில் இம்மாற்றங்கள் எதுவும் தெரியாது. சொட்டு மருந்திட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை தேவை. சர்க்கரை நோயாளிகளுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை அது பரிந்துரைக்கப்படுகிறது. மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் கண் கூசுவதாகவும் இருக்கும் என்பதால் முதியவர்கள் துணையுடன் செல்வது நல்லது.