கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவுல ஒரு தீவு

லீவு வந்தா பட்டணத்து ஜனங்க அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் டிக்கெட் போடுறாங்க. கடற்கரை, தென்னமரம், கையால ஏதாவது செய்யக் கத்துக்கிட்டு நாலு நாள் சும்மா இருக்கறது, இதுதான் வேணுமாம். ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா செங்கல்பட்டுச் சீமையிலயே ஒரு தீவு இருக்கு, நீங்க பல தடவை அதுமேல கார்ல போயிட்டு வந்துட்டீங்கன்னு சொன்னா நம்புவீங்களா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம். தெற்கே பாலாறு. நாலு பக்கமும் தண்ணி. நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அகலம் சில இடத்துல ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் இந்தத் துண்டு நிலத்து மேலதான் உக்காந்திருக்கு. அதே மாதிரி வடக்கே அடையாறு முகத்துவாரத்துல இருந்து முட்டுக்காடு வரைக்கும் இன்னொரு துண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலைன்னு நீங்க சொல்றது இந்த ரெண்டு தீவுக்கும் முதுகெலும்பு.

நான் கால்வாய்க்கு மேற்குக் கரைக்காரன். நெல்லும் வேர்க்கடலையும் போடுறவன். எங்க பக்கத்துல இருந்து பார்த்தா இந்தத் தீவோட சரித்திரம் வேற மாதிரி தெரியும். ராஜா, கோயில், கோட்டைங்கற வரிசையில இல்ல. இங்க யாருடைய பொழுது யாருக்குச் சொந்தமா இருந்தது, அதுதான் எனக்குச் சரித்திரம்.

முதல்ல கால்வாயில இருந்தே தொடங்குறேன். 1806-ல பேசில் காக்ரேன்ங்கற வெள்ளைக்காரர் சென்னையில இருந்து எண்ணூர்ப் பக்கமா ஒரு கால்வாய் வெட்டினார். பின்னால அது வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, 19ஆம் நூற்றாண்டுக்குள்ளயே மரக்காணம் வரைக்கும் வந்துருச்சு. சென்னை நகரத்துக்குள்ள அடையாறையும் கூவத்தையும் சேர்க்குற துண்டு மட்டும் பாக்கி இருந்தது. அதை வெட்ட ஆள் கிடைச்சது தாது வருஷப் பஞ்சத்துல.

1876-ல இருந்து 1878 வரைக்கும் அந்தப் பஞ்சம். எங்க செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பல. சோத்துக்கு வழியில்லாத ஜனங்களை நிவாரண வேலைன்னு மண் வெட்ட வெச்சாங்க. அதுல வெட்டினதுதான் நகரத்துக்குள்ள ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 1877 தொடக்கத்துல ரிச்சர்ட் டெம்பிள்ங்கற அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைச்சார். வளர்ந்த ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசு, அதுக்கு மேல ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிச்சவங்களுக்குத் தெரியும், அது ஒரு வேளைக் கணக்குக்குக்கூடப் பத்தாது. சென்னை மாகாணத்தோட சுகாதார அதிகாரி கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். சில மாசத்துல கூலியைக் கொஞ்சம் ஏத்தினாங்க. கால்வாய்க்கு மட்டும் அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபுவோட பேரு வந்துருச்சு. வெட்டினவங்க பேரு ஒண்ணும் இல்ல.

அப்படி வெட்டின தண்ணியில உப்பு போச்சு, விறகு போச்சு, சவுக்கு போச்சு. சவுக்கு நம்ம மண்ணு மரம் இல்ல. 19ஆம் நூற்றாண்டுலதான் இந்தக் கரை மணல்ல அதைப் பெரிசா வளர்க்க ஆரம்பிச்சாங்க. ரயிலுக்கும் பட்டணத்து அடுப்புக்கும் எரிக்கணும்ல. மணல்ல தொரவு தோண்டி, ஊறுற தண்ணியைக் குடத்துல மொண்டு, ஒவ்வொரு கன்னுக்கும் ஊத்தி வளர்க்கணும். இன்னிக்கு ரிசார்ட் படத்துல அழகா நிக்குற சவுக்குத் தோப்பு, ஒரு காலத்துல குடம் தூக்கின தோளால வந்தது.

அதே கால்வாயில உல்லாசமாப் போனவங்களும் உண்டு. 1930களில் பாரதிதாசன் தன் எழுத்தாள நண்பர்களோட சென்னையில இருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில போனார். அதை 'மாவலிபுரச் செலவு'ன்னு கவிதையாவும் எழுதினார். இங்க செலவுன்னா காசுச் செலவு இல்ல, பயணம்னு அர்த்தம், பழைய தமிழ்ச் சொல்லு. கார்ல ஒரு மணி நேரத்துல வர்ற நீங்க இதை நினைச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க தண்ணி மேல போய்ச் சேரறதே அவங்களுக்கு லீவா இருந்திருக்கு. அப்புறம் லாரி வந்தது, ரோடு வந்தது, 1960களில் அடிச்ச புயல்ல கரையும் உடைஞ்சது. படகு மெல்ல மெல்ல நின்னுபோச்சு.

இப்ப தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்கு வாங்க. செங்கல்லால கட்டின டச்சுக் கோட்டை பாதி இடிஞ்சு கிடக்கு. உள்ள இருக்குற கல்லறைக் கற்கள்ல எழுத்தும் சின்னமும் அத்தனை நுணுக்கமாச் செதுக்கியிருக்கும். 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க இங்க வந்து உக்காந்தது கடல் காத்து வாங்க இல்ல. துணி வாங்க. அவங்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அது விளைஞ்சது இப்போ இந்தோனேசியான்னு சொல்ற தீவுகள்ல. அந்தத் தீவுக்காரங்க வெறும் வெள்ளிக் காசைவிட நம்ம சோழமண்டலக் கரைத் துணியைத்தான் விரும்பி வாங்கினாங்க. இங்க துணியை வாங்கி, அங்க கொடுத்து, மசாலாவை ஏத்தி ஐரோப்பாவுல விக்கணும். அதுதான் கணக்கு.

ஒரு விவசாயியா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது சாயம். சிவப்புக்கு இம்பூறல் வேர், சாயவேர்னும் சொல்லுவாங்க. அது இந்த மாதிரிக் கடற்கரை மணல்ல வளர்ற சின்னச் செடி. நீலத்துக்கு அவுரி. எங்க நீலம் வேண்டாமோ அந்த இடத்தை மெழுகால மூடிட்டு அவுரித் தொட்டியில முக்குவாங்க. மெழுகு பூசின இடம் சாயம் பிடிக்காது. நெல்லு விளையாத மணல்கூட இப்படி ஒரு வேரைக் கொடுத்து உலகத்தையே இங்க இழுத்துட்டு வந்துருச்சு.

ஆனா நெய்தவனுக்கு என்ன மிஞ்சுச்சு? கம்பெனிக்காரன் தரகர் மூலமா முன்பணம் கொடுப்பான். முன்பணம் வாங்கிட்டா தறி உன்னுது, பொழுது அவனுது. துணி மட்டம்னு சொல்லித் தள்ளிட்டா கடன் தலைமேல நிக்கும். பஞ்ச காலத்துல நெசவாளிதான் முதல்ல விழுவான், ஏன்னா அவன்கிட்ட தறி இருக்கும், தானியம் இருக்காது. கடைசியில 1824 ஒப்பந்தத்துல டச்சுக்காரங்க இந்தியாவுல வெச்சிருந்த இடங்களை எல்லாம் இங்கிலீஷ்காரங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டாங்க. இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கின பிறகு கைத்தறியோட கதை உங்களுக்கே தெரியும்.

இதுக்கு அப்புறம் சுமார் 140 வருஷம் கழிச்சு, வடக்குத் தீவுல ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது. சென்னை ஓவியக் கல்லூரியில கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரா இருந்தார். அவர்கிட்டப் படிச்சுட்டு வெளிய போற பசங்களுக்கு ஒரே பிரச்சினை. ஓவியம் விக்காது. விளம்பரக் கம்பெனியில வேலைக்குப் போனா வயிறு நிறையும், ஆனா தூரிகை காஞ்சுபோகும். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1963-ல கைவினைக்குன்னு ஒரு சங்கம் வெச்சாங்க. பத்திக் துணி போட்டாங்க, இன்னும் பல கைவேலை செஞ்சாங்க, கண்காட்சி வெச்சு வித்தாங்க. அந்தக் காசைச் சேர்த்து 1966-ல ஈஞ்சம்பாக்கத்துல கடலோரமா சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினாங்க. அப்போ அது எங்க செங்கல்பட்டு ஜில்லா. வெறும் மணல். கூரைக் குடிசை போட்டுக் குடியேறினாங்க. சோழமண்டலம் கலைஞர் கிராமம்னு பேரு.

ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், கே.வி. ஹரிதாசன், பணிக்கரோட மகன் எஸ். நந்தகோபால்னு இந்தியா முழுக்கத் தெரிஞ்ச பேருங்க அந்த மணல்ல இருந்து வந்தவங்க. அவங்க முறை ரொம்ப எளிசு. பொழுதுல ஒரு பங்கு கைவேலைக்கு, அது சோத்துக்கு. மிச்சப் பொழுது சொந்த ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். யாரும் முன்பணம் கொடுக்கல, அதனால யாரும் பொழுதைப் பிடுங்கல.

இன்னொண்ணு கவனிங்க. பத்திக்னா என்ன? மெழுகு பூசி, சாயத்துல முக்கி, மெழுகை உருக்கி எடுக்கறது. ஜாவாத் தீவோட பேரு சொல்லி உலகம் கொண்டாடுற வேலை. இந்தக் கரையில சாயக்காரங்க மெழுகால மூடி நீலம் போட்டதும் அதே சூட்சுமம்தான். நம்ம கரைத் துணி கப்பல் ஏறித் தீவுக்குப் போச்சு. பல தலைமுறை கழிச்சு, தீவோட பேருல அதே மெழுகு இந்தக் கரைக்கு வந்து 10 ஏக்கர் நிலம் வாங்கிக் கொடுத்துச்சு. ஆங்கிலத்துல கோரமண்டல்னு சொல்றதே சோழமண்டலம்ங்கற வார்த்தை திரிஞ்சு வந்ததுதான். பணிக்கர் அதைத் திருப்பி எடுத்து வாசல்ல எழுதி வெச்சுட்டார்.

கைத்தொழில் இந்தக் கரையில அதோட நிக்கல. மாமல்லபுரத்துல 1957-ல அரசாங்கம் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கினது. வைத்தியநாத ஸ்தபதி முதல்ல நடத்தினார், அவருக்கு அப்புறம் அவர் மகன் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில 133 அடி உசரத்துல நிக்குற திருவள்ளுவர் அந்தக் கணபதி ஸ்தபதியோட வேலை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. முட்டுக்காட்டுல 1996-ல திறந்த தட்சிணசித்ரா, தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டி, குயவரையும் நெசவாளியையும் உக்கார வெச்சிருக்கு.

கைத்தொழில்னா மண்ணும் கல்லும் மட்டும்தானா? இருளர் கையைப் பாருங்க. 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததும் பாம்புத்தோல் வியாபாரம் நின்னு, அவங்க பொழைப்பும் நின்னுபோச்சு. 1976-ல ரோமுலஸ் விட்டேகர் வடநெம்மேலியில முதலைப் பண்ணை தொடங்கினார். 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, உயிரோட திரும்ப விட்டுடறாங்க. நாட்டுல பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்த விஷம்தான் பெரிய ஆதாரம். 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு நம்ம மாவட்டத்து இருளர் ரெண்டு பேருக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. ராத்திரி வரப்புல தண்ணி பாய்ச்சப் போற எனக்கு இதைவிடப் பெரிய கைவினை ஒண்ணு இருக்கறதாத் தெரியல.

இப்ப இந்தத் தீவுக்கு என்ன ஆகுது? சாலை அகலமாச்சு, சவுக்குத் தோப்பு மனையாச்சு. எங்க பக்கமும் தரகர் வந்து போறார். விக்கறவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், கடன் இருக்கறவனுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும். எனக்குக் கவலை தண்ணி. மணல் தீவுல மழைத்தண்ணி அடியில இருக்குற உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. அப்படின்னா மேல ஒரு அடி இறங்கினா, கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வரும். தொரவுல குடத்தால மொண்டவரைக்கும் இந்தக் கணக்கு தாங்குச்சு. ஆழ்குழாய் போட்டு நீச்சல்குளத்துக்கு உறிஞ்சினா தாங்காது. பட்டணத்துக்கு 2013-ல நெம்மேலியில கடல்நீரைக் குடிநீராக்க ஆலை போட்டுட்டாங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். ஒரு குப்பத்துக்கும் ஒரு கடலைக் கொல்லைக்கும் யார் ஆலை போடுவாங்க?

அதனால நீங்க வராதீங்கன்னு சொல்லல. வாங்க. வர்றவங்க எப்பவும் இந்தக் கரைக்கு வந்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. ஒருத்தன் அடுத்தவன் பொழுதை விலைக்கு வாங்கி ஏத்திக்கிட்டுப் போனான், அவன் விட்டுட்டுப் போனது கல்லறை. இன்னொருத்தர் தன் கையால உழைச்சுத் தன் பொழுதைத் தானே சம்பாதிச்சார், அவர் விட்டுட்டுப் போனது ஒரு கிராமம்.

வர்றப்போ ஒரு நாளைக் கூட்டி வெச்சுக்கிட்டு வாங்க. சோழமண்டலத்துல ஒரு காலை. சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைக் கற்களை ஒரு மணி நேரம். மாமல்லபுரத்துல உளிச் சத்தம் கேக்குற பட்டறையில பேரம் பேசாம ஒரு சின்னக் கல் பொம்மை. செதுக்கினவர்கிட்ட எத்தனை நாள் ஆச்சுன்னு கேளுங்க. விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க. தங்குற இடத்துல குளிக்கிற தண்ணி எங்க இருந்து வருதுன்னும் கேட்டுப் பாருங்க.