டொக்டராவதற்கு முன் ஒரு பட்டம் தேவையா?



ஏ.எல் பெறுபேறு வந்த கிழமை ஒரு வாப்பா என்னைத் தேடி வந்தார். மகளுக்கு மூன்று பாடமும் நல்ல சித்தி. ஆனால் மருத்துவபீடத்துக்கு இஸட் புள்ளி கொஞ்சம் போதவில்லை. "சேர், அமெரிக்காவில முதல்ல ஒரு டிகிரி முடிச்சிட்டுத்தான் டொக்டருக்குப் படிக்கிறாங்களாம். நம்மட பிள்ளைகள் மட்டும் ஏன் பத்தொன்பது வயசிலயே தோத்துப் போகணும்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்ததை எழுதுகிறேன்.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல மருத்துவக் கல்லூரிகள் வெறும் வியாபாரம். சில மாத விரிவுரை, அடுத்த வருடம் அதையே இன்னொரு முறை கேட்டால் டொக்டர் பட்டம். கட்டணம் கட்டினால் போதும். ஹார்வர்டிலேயே எழுத்துப் பரீட்சை வைக்க யோசனை வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஒழுங்காக எழுதவே வராது என்று ஒரு பேராசிரியர் எதிர்த்தார்.

1893இல் பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தது. அதற்குப் பணம் போதாமல் இருந்தபோது மேரி கரெட் என்ற செல்வந்தப் பெண் பெருந்தொகை கொடுத்தார். அவர் போட்ட நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை: பெண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டும்; சேருகிற எல்லோரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஒஸ்லர், "நாம் பேராசிரியராக வந்தது நல்லது, மாணவனாக வந்திருக்கவே முடியாது" என்ற கருத்தில் பகிடி விட்டது பிரசித்தம்.

அந்த வழியை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் டொக்டர் அல்ல, நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்: ஏப்ரகாம் பிளெக்ஸ்னர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து 1910இல் அறிக்கை எழுதினார். ஆகக் குறைந்தது 2 வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்றார். தரமற்ற பள்ளிகள் மூடப்பட்டன. அது நோயாளிக்கு நன்மை. ஆனால் கறுப்பின மக்களுக்கு இருந்த 7 பள்ளிகளில் 2 மட்டுமே மிஞ்சின. ஏழைப் பிள்ளைக்குப் பாதை நீண்டது, செலவும் கூடியது. இன்று அங்கே 4 வருடப் பட்டமும் அதன் பின் 4 வருட மருத்துவமும்தான் வழமை.

நமது வழி வேறு. 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கியது பிரித்தானியர் காலத்தில். அவர்கள் வழக்கப்படி பாடசாலை முடித்ததும் நேரே மருத்துவம். அது இன்றும் ஓடுகிறது. காரணம், அமெரிக்கப் பிள்ளை பட்டப்படிப்பில் தொடுகிற உயிரியல், இரசாயனம், பௌதிகத்தில் பெரும்பகுதியை நம் பிள்ளை ஏ.எல்லிலேயே படித்துவிடுகிறது. அதன் மேல் 5 வருட எம்.பி.பி.எஸ், ஒரு வருட உள்ளகப் பயிற்சி.

ஆகவே பட்டம் கட்டாயம் என்ற சட்டம் நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் அது வந்தது அடிப்படைக் கல்வியே இல்லாதவர்களைத் தடுக்க. நமக்கு அந்தக் குறை இல்லை. இன்னும் மூன்று நான்கு வருடம் கூட்டினால், மீன்பிடிக்கிறவர், வயல் செய்கிறவர் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் விலகும்.

ஆனால் வாப்பாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவில் பாடசாலையிலிருந்து நேரே போகும் வழியை வைத்துக்கொண்டே, 2000ஆம் ஆண்டு முதல் பட்டதாரிகளுக்கு 4 வருட மருத்துவக் கற்கையையும் திறந்தார்கள். முதல் கதவு மூடினாலும் இன்னொன்று இருக்கிறது. நமது பிள்ளைக்கு ஏ.எல் மூன்று தடவை. அதோடு அரச மருத்துவபீடம் அநேகமாக முடிந்த கதை. விஞ்ஞானப் பட்டம் நன்றாக முடித்தவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கினால் என்ன? நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அதுவரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இஸட் புள்ளி குறைந்த பிள்ளையிடம் "எல்லாம் போச்சு" என்று சொல்லாதீர்கள். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை தோற்ற பிள்ளை அல்ல.