மஞ்சள் கடுதாசியும் மோட்டார் கம்பெனியும்

கடன் வாங்கியவன் கையை விரித்துவிட்டால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்கிறோம். கொஞ்சம் கோர்ட்டுப் பழக்கம் உள்ளவர்கள், "ஐ.பி. கொடுத்துவிட்டான்" என்பார்கள். எப்படிச் சொன்னாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வது வழக்கம். பெண் கொடுக்கிறவர்கள் மறைவாக விசாரிக்கிற விஷயம் அல்லவா? இதற்குச் சட்டங்கூட இடத்துக்கு இடம் வேறு. சென்னைப் பட்டணத்துக்காரனுக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். தாம்பரம் அந்த நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகையால் அங்கே இருந்தவனுக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். அவமானம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆள் முறிந்தால் இப்படி. ஸ்தாபனம் முறிந்தால்?

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பெயர்தான் கம்பெனி; உண்மையில் அது கூட்டு வியாபாரம். ஆகையால் பிடிப்பதற்கு ஆள் இருந்தார். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். இந்த அழிவிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்களின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்க் பிறந்தது. நன்மை எங்கேயிருந்து புறப்படுகிறது பாருங்கள்!

தாம்பரத்துக்குத் தெற்கே நடந்த கதையில் இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1948-இல் ஏற்பட்டது. இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு. முதலில் வான்கார்டு கார்; 1961 முதல் ஹெரால்டு. டாக்டர்களும் வக்கீல்களும் ஹெரால்டை வைத்துக்கொண்டு பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. எனக்கும் அந்தக் காரின் மேல் ஒரு கண்தான். பிறகு கெஸல் வந்தது, ஓடியது, 1977-இல் அதுவும் நின்றது. 1985-இல் பெரிய எதிர்பார்ப்புடன் "ஸ்டாண்டர்டு 2000" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மேலே பார்த்தால் இங்கிலாந்தின் ரோவர்; மூடியைத் திறந்தால் பழைய வான்கார்டு காலத்து எஞ்சின்! பட்டுச் சட்டைக்குள்ளே கந்தல் பனியன். விலையோ எட்டாத விலை. மூன்றே வருஷத்தில், 1988-இல், உற்பத்தி நின்றது.

இடமும் கட்டடமும் ஏலத்தில் போனது 2006-இல். நடுவில் பதினெட்டு வருஷம். கடைசிக் கார் வெளியே வந்தபோது நாற்பது வயதாயிருந்த ஒரு பிட்டருக்கு, ஏலத்தின்போது ஐம்பத்தெட்டு. ஓய்வு பெறுகிற வயது. சும்மா இருந்தபடியே ஒருவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கார் வந்த அதே 1985-இன் பெயரால்தான் டில்லியில் நலிந்த கம்பெனிகளுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். முதலையெல்லாம் நஷ்டம் தின்றுவிட்டால் அந்தக் கம்பெனி நோயாளி. அதைப் பரிசீலிக்க ஒரு வாரியம் 1987-இல் வேலை தொடங்கியது. விசாரணை முடிகிறவரையில், வாரியத்தின் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவன் வசூலுக்குப் போக முடியாது. எண்ணம் நல்ல எண்ணம்தான். வேலை போகாமல் காப்பாற்ற வேண்டும் என்பது. ஆனால் நடந்தது என்ன? நோயாளி ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கக் கற்றுக்கொண்டான். முதலாளிகளுக்கு வாரியம் ஒரு நிழற்குடை ஆயிற்று. அதற்குள் யந்திரம் துருப்பிடித்தது. கடைசியில் ஹைக்கோர்ட்டு கலைத்துவிடு என்று சொல்லும்போது மிஞ்சுவது அநேகமாக நிலம் ஒன்றே. பாங்கி காத்திருக்கும், அதற்கு வயிறு இல்லை. காத்திருக்க முடியாதவன் தொழிலாளி.

2016-இல் வந்த திவால் சட்டம் இந்த வழியை மாற்றிற்று. வாரியமும் போயிற்று. வழக்கு இனிக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். சென்னையிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. 180 நாள், மேலே 90 நாள் என்று கெடு. 2019-இல் வழக்காடும் நாளையும் சேர்த்து 330 என்று திருத்தினார்கள். அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, அபூர்வமான சமயங்களில் அதையும் தாண்டலாம் என்றது. அபூர்வம் என்ற சொல்லுக்கு நம் கோர்ட்டுகளில் விசாலமான பொருள் உண்டு! ஆனாலும் கெடு என்று ஒன்று வந்ததே பெரிது என்பது என் கட்சி.

கம்பெனியின் தலையெழுத்தை இப்போது தீர்மானிக்கிறது கடன் கொடுத்தவர்களின் குழு. நூற்றுக்கு 66 பங்கு வோட்டு வேண்டும். 2018 முதல் வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. தாம்பரம் பக்கம் அடுக்கு மாடிக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சேதி இது. சம்பளப் பாக்கிக்காரருக்கோ அந்தக் குழுவில் வோட்டு இல்லை.

கம்பெனியைக் கலைத்தே தீரவேண்டும் என்று ஆனால், தொழிலாளிக்குக் கடைசி 24 மாதத்துச் சம்பளம், அடமானம் வாங்கிய பாங்கிக்குச் சமமாக ஒரே வரிசையில் வருகிறது. பிராவிடண்டு பண்டில் சேரவேண்டிய பணம் பங்கிடும் சொத்திலேயே சேராது. 24 மாதத்துக்கு முந்திய சம்பளப் பாக்கி மட்டும் சர்க்காரின் வரிப் பாக்கிக்கும் பின்னால் போய் நிற்கிறது.