இரண்டு முறை தேறாதவர்கள்

எவரிஸ்ட் கால்வா பாரிஸின் எகோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு முறை போனார். 1828-ல் தேறவில்லை; 1829-லும் தேறவில்லை. மூன்றாவது முறை போக விதியில் இடமில்லை. சீனிவாச ராமானுஜன் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வை 1906-ல் எழுதித் தோற்றார். அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோற்றார். ஒருவர் மேயரின் மகன். மற்றவர் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளையின் மகன். ஒருவர் இருபது வயதில் செத்தார், மற்றவர் முப்பத்திரண்டில். இருவரும் எழுதி வைத்துவிட்டுப் போனதை இன்றைக்கும் கணித மேதைகள் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நம்மூர் மேடைகளில் ராமானுஜன் வந்துவிடுவார். ஃபெயிலான பையன் விடாமல் முயன்றான், உலகப் புகழ் பெற்றான் என்று கதை போகும். கேட்கும் பிள்ளைகளுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். கால்வாவின் கதையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் மட்டும் அந்தப் பேச்சு கொஞ்சம் தடுமாறுகிறது. ஏனென்றால் அவரும் விடவில்லை.

முதலில் தோல்வியையே பார்ப்போம். பள்ளியில் லெழாந்தர் எழுதிய வடிவியல் நூல் கையில் கிடைத்ததும் கால்வாவுக்கு மற்றப் பாடங்கள் கசந்துபோயின. ராமானுஜனுக்கு அப்படி வந்து சேர்ந்தது கார் என்பவர் தொகுத்த புத்தகம். அதில் சுமார் ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு பையன்களும் ஒரே பாடத்தில் மூழ்கினார்கள், இரண்டு கல்வி முறைகளும் ஒரே மாதிரி தண்டித்தன. ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரையில் தவறி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்துவந்த உதவித்தொகையை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; அங்கே உடலியல் பாடம் காலை வாரியது.

கால்வாவின் இரண்டாவது தோல்விக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. அவருடைய தந்தை பூர்-லா-ரேன் என்ற ஊரின் மேயர். ஊர்ப் பாதிரியார் அவர் பெயரில் மட்டமான பாட்டுகளைப் புனைந்து பரப்பினார். அவமானம் தாங்காமல் மேயர் 1829 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். தந்தையைப் புதைத்துச் சில வாரங்கள்கூட ஆகாத நிலையில்தான் மகன் தேர்வு அறைக்குள் நுழைந்தார். கேள்வி கேட்டவர் முகத்தில் கரும்பலகைத் துடைப்பானை எறிந்தார் என்றொரு கதை உண்டு. அது கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அந்த வாரத்தில் எந்தப் பையனும் எதையாவது எறிந்திருப்பான்.

இனி கடிதங்கள். இந்த இருவரின் வாழ்க்கையும் தபாலில் தொங்கிக்கொண்டிருந்தது. கால்வா 1829-ல் சமன்பாடுகளைப் பற்றிய தன் ஆய்வை பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு அனுப்பினார். அது கணிதவியலாளர் கோஷியிடம் போனது. கோஷி அதைத் தொலைத்துவிட்டார் என்று நெடுங்காலம் ஏசினார்கள். பின்னால் கிடைத்த ஒரு கடிதம் வேறு விதமாகச் சொல்கிறது. 1830 ஜனவரியில் அகாதமிக் கூட்டத்தில் அந்த ஆய்வைப் பற்றிப் பேச கோஷி தயாராக இருந்திருக்கிறார்; உடம்பு சரியில்லாததால் வர முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தார், கால்வாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. பிப்ரவரியில் கால்வா அகாதமியின் பெரும்பரிசுக்கு மறுபடியும் எழுதி அனுப்பினார். இந்த முறை செயலாளர் ஃபூரியேயிடம் போனது. மே மாதம் ஃபூரியே இறந்தார். அவருடைய தாள்களுக்கிடையில் கால்வாவின் ஆய்வு இல்லை. பரிசு ஆபெலுக்கும் யாக்கோபிக்கும் போனது. ஆபெல் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார். கால்வா மூன்றாவது முறையும் எழுதினார். 1831 ஜூலையில் கணிதவியலாளர் புவாசோன் அறிக்கை கொடுத்தார்: வாதம் தெளிவாகவும் இல்லை, விரிவாகவும் இல்லை, சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, ஆசிரியர் முழுவதையும் வெளியிடட்டும், பிறகு பார்க்கலாம்.

புவாசோனைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. கால்வா உண்மையாகவே இடைப்படிகளைத் தாண்டித் தாண்டித்தான் எழுதினார்.

ராமானுஜனும் அப்படித்தான். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, கடைசி முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். கார் புத்தகம் பழக்கிய வழக்கம் அது. சென்னையிலிருந்து அவருடைய கணக்குகளை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹில்லுக்கு அனுப்பியபோது வந்த பதிலும் ஏறக்குறைய புவாசோன் பதில்தான்: திறமை இருக்கிறது, ஆனால் முடிவிலாத் தொடர்களில் சறுக்குகிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும். கேம்பிரிட்ஜில் ஹாப்சனும் பேக்கரும் கைவிரித்துவிட்டார்கள். இதுவரைக்கும் இரண்டு கதைகளும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன.

தடம் பிரியும் இடம் கேம்பிரிட்ஜ் என்றுதான் பலரும் சொல்வார்கள். அங்கே கணிதவியலாளர் ஹார்டி ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்தார், லிட்டில்வுட்டோடு ஒரு மாலை உட்கார்ந்து படித்தார், மேதை என்று கண்டுகொண்டார். எனக்கு அது திருவல்லிக்கேணியில் பிரிந்ததாகத் தோன்றுகிறது. அதற்கும் முன்னால் திருக்கோவிலூரில்.

1910-ல் ராமானுஜன் வேலை கேட்டு அங்கே போனார். கையில் இருந்தது நோட்டுப் புத்தகங்கள் மட்டும். கல்யாணம் ஆகி ஓராண்டு. விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய வீட்டில் பணமில்லை; ஒரு மருத்துவர் அதை இலவசமாகச் செய்து முடித்திருந்தார். திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை போதும் என்றார் ராமானுஜன். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து அழிக்க மாட்டேன் என்றார். வேலை மறுப்பிலேயே உயர்ந்த மறுப்பு அது. வெறுமனே மறுத்திருந்தால் அதுவும் இன்னொரு தோல்விதான். அவர் சென்னைக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர்; அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவுக்கு முதலில் நம்பிக்கையில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கணக்குப் போட ஓய்வும், அதற்குச் சோறும் என்பது பதிலின் சாரம். மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். 1911-ல் பெர்னூலி எண்களைப் பற்றிய முதல் கட்டுரை கணிதக் கழக இதழில் வந்தது.

இனாமாகச் சாப்பிட ராமானுஜனுக்குக் கூச்சம். 1912 மார்ச் 1 அன்று துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதம் படித்தவர். இரவில் திருவல்லிக்கேணியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். இந்த முழுக் கதையிலும் என்னை நிறுத்துகிற காட்சி இதுதான். ராமானுஜன் இரண்டே வரியில் முடித்துவிட்டுப் போவார். நாராயண ஐயர் விடமாட்டார். என் அறிவு மட்டத்துக்கு இறங்கி வா, உன் இரண்டு படிகளுக்கு நடுவில் பத்துப் படி எழுது என்பாராம். உலகத்துக்கு இது புரிய வேண்டாமா என்பது அவர் கவலை.

புவாசோன் கேட்டதும் அதே பத்துப் படியைத்தான். ஆனால் அவர் அதை ஓர் அறிக்கையில் எழுதிக் கோப்பில் வைத்தார். நாராயண ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கேம்பிரிட்ஜிலிருந்து 1913 பிப்ரவரி 8 தேதியிட்டு வந்த ஹார்டியின் பதிலும் நிரூபணங்களை அனுப்பச் சொல்லித்தான் கேட்டது. அதற்குள் ராமானுஜன் அந்தக் கேள்வியை ஒருவர் வாயிலிருந்து தினமும் கேட்டுப் பழகியிருந்தார்.

கால்வாவுக்கு யாருமே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. பள்ளியில் ரிஷார் என்ற ஆசிரியர் அவரை இனங்கண்டு தூக்கிவிட்டார். அவருடைய பயிற்சித் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்தார். நண்பர் ஷெவாலியே கடைசிவரை கூட நின்றார். இல்லாதது நடுவில் நிற்கிற ஆள்: ஊர்ப்பள்ளிக்கும் அகாதமிக்கும் இடையில், சோறும் போட்டு, சிலேட்டும் பிடித்து, பெரிய இடத்துக்குக் கடிதமும் எழுதித் தருகிற ஒருவர். அந்த இடத்தை 1830 முதல் அரசியல் நிரப்பியது. அந்த ஆண்டு ஜூலைப் புரட்சியின்போது அவர் படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் இயக்குநர் மாணவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார். அவரைத் தாக்கிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய கால்வா வெளியேற்றப்பட்டார். 1831-ல் இரண்டு முறை கைது. முதல் வழக்கில் விடுதலை, இரண்டாவதில் சிறை. புவாசோனின் அறிக்கை சேந்த்-பெலாஜி சிறைக்குள்தான் அவர் கைக்கு வந்தது. அப்போதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை; தன் ஆய்வுகளை நூலாக்க நினைத்து, பெரிய மனிதர்களைக் கிழித்து ஒரு முன்னுரை எழுதினார். சிறைச்சுவருக்குள் இருந்துகொண்டு புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறவனிடம் விடாமுயற்சி போதவில்லை என்று யார் சொல்வது?

கொஞ்சம் விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். ராமானுஜனைத் தாங்கிய கைகளின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், நாராயண ஐயர், ராவ். காலனி ஆட்சியின் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இடம்பிடித்த ஒரு சமூகத்தின் கைகள் அவை. அந்தத் திண்ணைகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதே கும்பகோணத்தில், அதே நோட்டோடு, வேறு தெருவில் ஒரு பையன் பிறந்திருந்தால் திருக்கோவிலூர்வரை போயிருக்க முடியுமா? இதனால் அந்த நால்வரின் பெருந்தன்மை ஒரு துளியும் குறையாது. தோல்வியிலிருந்து எழுவது தனி மனிதனின் நெஞ்சுரம் என்ற கதைதான் குறைகிறது.

இங்கிலாந்தில் கதை சுகமாகவும் போகவில்லை. 1914 ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், 1917-ல் நோய். அந்த ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவி தவறிப்போனது. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து சாக முயன்று பிழைத்தார். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். ராயல் சொசைட்டியின் ஃபெலோ பட்டமும் டிரினிட்டி ஃபெலோ பதவியும் அதே 1918-ல்தான் வந்தன. ராயல் சொசைட்டிப் பட்டத்துக்குப் பின்னால் நின்று மல்லுக்கட்டியவர் ஹார்டி.

அந்த ஹார்டியே ராமானுஜனின் தோல்விகளைப் போற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராமானுஜன் இளம் வயதில் இறந்ததை அவர் பெரிய சோகமாகக் கருதவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான வயது வழிகாட்ட ஆளில்லாமல் வீணானதே உண்மையான சோகம் என்று எழுதினார். தோல்வி அவரைப் புடம் போட்டது என்று நாம் சொல்கிறோம். அவரை அருகிலிருந்து அறிந்தவர், அது அவரிடமிருந்து திருடியது என்கிறார். நான் ஹார்டி பக்கம்.

கடைசியாக இரண்டு தாள் கட்டுகள். 1832 மே 30 காலை கால்வா துப்பாக்கிச் சண்டையில் வயிற்றில் குண்டு வாங்கினார்; மறுநாள் இறந்தார். முந்தைய இரவு ஷெவாலியேக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் தேற்றங்கள் முக்கியமானவையா என்று யாக்கோபியிடமோ காஸிடமோ பகிரங்கமாகக் கேள் என்று சொல்லியிருந்தார். முழுக் கோட்பாட்டையும் அந்த ஒரே ராத்திரியில் எழுதினார் என்பது கதை. உண்மையில் பழைய தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் நேரமில்லை என்று குறித்தார். ஷெவாலியேயும் தம்பி ஆல்ஃபிரடும் அவற்றைப் படியெடுத்தார்கள். 1846-ல் கணிதவியலாளர் லியூவில் தன் இதழில் அச்சிட்டார். புவாசோனுக்குப் புரியாத படிகளை லியூவில் உட்கார்ந்து நிரப்பிப் படித்திருந்தார். பத்துப் படி கேட்கும் ஆள் கடைசியில் கிடைத்தார், கால்வா செத்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

ராமானுஜன் 1920 ஜனவரியில் படுக்கையிலிருந்து ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார், போலித் தீட்டாச் சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி. ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். கடைசி ஓராண்டில் அவர் எழுதிய தாள்களை 1976-ல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்தார்.

மே மாதம் மேடை ஏறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் ஃபெயிலானதைச் சொல்லுங்கள், ஜெயித்ததையும் சொல்லுங்கள். நடுவில் மாதாமாதம் வந்த அந்த 25 ரூபாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.